அகச்சிவப்பு ஹீட்டர் வாங்குமுன்: உட்காரும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

குளிர்காலக் காலையில் மரநிழலில் நின்றால் உடம்பு நடுங்குகிறது. இரண்டடி நகர்ந்து வெயிலில் நின்றால் இதமாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். உடம்பின் மேல் விழும் கதிர்தான் வேறு. அகச்சிவப்பு ஹீட்டர் என்ற பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். வெயில் காயும்போது நமக்கு நடப்பதைத்தான் அது வீட்டுக்குள் செய்கிறது.

இதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என் அறைக்கு எத்தனை வாட் வேண்டும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "நான் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் உட்காருகிறேன்?" இதற்கு விடை தெரிந்தவருக்கு இந்த ஹீட்டர் அருமையான துணை. தெரியாமல் வாங்கியவருக்கு இதுவும் மற்றொரு மின்சார ஹீட்டர், அவ்வளவுதான். ஆகவே முதலில் இது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம்; பிறகு படிப்படியாக வாங்குவதற்கும் மாட்டுவதற்கும் வருவோம்.

கதிர் எப்படிச் சூடாக்குகிறது

1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எந்த வெளிச்சமும் தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிரைத்தான் அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

சூடு உள்ள எந்தப் பொருளும் இந்தக் கதிரை வெளியிடுகிறது. சுவர், மேசை, நம் உடம்பு எல்லாமே. சுமார் 33 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் நம் தோலின் கதிர் 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். சுவரிலோ கூரையிலோ மாட்டும் தட்டையான ஹீட்டர் தகடு 90 டிகிரிக்குச் சூடானால் அதன் கதிர் 8 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சத்தில் இருக்கும். இந்த அலைநீளங்களில் நம் தோல் தன் மேல் விழும் கதிரை ஏறத்தாழ முழுவதுமாக உள்வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் தகட்டின் முன்னால் போய் நின்றவுடனே கன்னத்தில் சூடு படுகிறது. அறைக் காற்று சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எரிந்துகொண்டிருக்கும் அகச்சிவப்பு ஹீட்டருக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முகத்துக்கும் ஹீட்டருக்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்த நொடியே முகத்தின் சூடு அறுந்துபோகும். எடுத்த நொடியே திரும்பிவிடும். காற்றால் வரும் சூடு இப்படி நொடியில் போய் நொடியில் வராது. இந்த ஒரு சோதனையில் இந்த ஹீட்டரின் பலமும் தெரிந்துவிடும், பலவீனமும் தெரிந்துவிடும். பார்வைக்கு எதிரே இருப்பதை அது உடனே சூடாக்கும். நடுவில் ஒரு சோபாவோ திரைச்சீலையோ குறுக்கிட்டால் சூடு அங்கேயே நின்றுவிடும்.

சாதாரண ஹீட்டர் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசானது என்பதால் மேலே ஏறிக் கூரையடியில் தங்குகிறது. தலைக்கு மேலே வெதுவெதுப்பும் கால் விரல்களில் குளிரும் இருக்கும் அறையை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் உடல் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு கதிராகவே குளிர்ந்த சுவர்களுக்கும் ஜன்னலுக்கும் போகிறது. ஆகவே காற்று மட்டும் சூடானால் போதாது. காற்றோட்டம் குறைந்த அறையில் நாம் உணரும் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். காற்று 22 டிகிரியிலும் சுவர்கள் 16 டிகிரியிலும் இருந்தால் உடம்பு உணர்வது 19. காற்று 18 டிகிரியே இருந்தாலும் சுற்றுப்புறக் கதிர் 22 டிகிரிக்கு ஈடாக இருந்தால் உடம்பு உணர்வது 20. குறைந்த காற்றுச் சூட்டில் கூடுதல் இதம் கிடைப்பது இப்படித்தான்.

பயன் எது, மிகை எது

விற்பனை விளம்பரங்களில் "மற்ற மின்சார ஹீட்டரைவிடப் பல மடங்கு திறன்" என்று போட்டிருப்பார்கள். இதை நம்பாதீர்கள். கம்பிச்சுருள் ஹீட்டரானாலும் எண்ணெய் நிரப்பிய ஹீட்டரானாலும் அகச்சிவப்புத் தகடானாலும், ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் வெப்பமாகத்தான் மாறும். அதற்கு மேல் எவராலும் தர முடியாது. வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இறைத்துத் தரும் வெப்பப் பம்பு மட்டும் வேறு சாதி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தருவது அதற்குச் சாதாரணம். வீடு முழுவதையும் நாள் முழுவதும் சூடாக வைத்திருக்க வேண்டியவருக்கு நான் அகச்சிவப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பப் பம்பு வைக்க வழி இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

அகச்சிவப்பின் சேமிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: சூட்டைத் தேவையான இடத்துக்கு, தேவையான நேரத்துக்கு மட்டும் கொடுக்க முடிகிறது. பெரிய கூடத்தின் ஒரு மூலையில் மேசை போட்டு வேலை செய்பவருக்கு, கூடம் முழுவதன் காற்றையும் சூடாக்குவது எவ்வளவு வீண்! அந்த மூலைக்கு மட்டும் ஒரு 400 வாட் தகடு போதுமானதாக இருக்கலாம். ஆறு மணி நேரம் ஓடினாலும் 2.4 யூனிட்தான். காலையில் பத்து நிமிடம் மட்டும் புழங்கும் குளியலறை, வாரத்துக்கு இருமுறை திறக்கும் பட்டறை, கூரை மிக உயரமான அறை, அடிக்கடி கதவு திறந்து மூடும் முன்கூடம் ஆகிய இடங்களில்தான் இதன் அருமை தெரியும். கதவைத் திறந்தவுடன் சூடான காற்று வெளியேறிவிட்டாலும், சூடேறிய சுவரும் தரையும் அங்கேயே இருக்கின்றன; கதிரும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது.

காற்று வறண்டுபோவது பற்றியும் ஒரு வார்த்தை. ஹீட்டர் எதுவும் காற்றிலுள்ள ஈரத்தைத் தின்றுவிடுவதில்லை. காற்று சூடாகும்போது அதே ஈரத்துக்கு ஈரப்பத சதவீதம் குறைகிறது, அவ்வளவுதான். 19 டிகிரியில் 50 சதவீதமாக இருந்த ஈரப்பதம், அதே காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 42 சதவீதமாகிவிடும். அகச்சிவப்பில் காற்றைக் குறைவாகச் சூடாக்கி ஒப்பேற்றலாம் என்பதால் தொண்டை வறட்சியும் கண் எரிச்சலும் குறைகின்றன. மின்விசிறி கிடையாது, ஆகவே இரைச்சல் இல்லை, தூசியைக் கிளப்புவதும் குறைவு. எரிபொருள் எரிவதில்லை என்பதால் புகையும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. தூக்கம் லேசானவர்களும் தூசியால் தும்முபவர்களும் இதை விரும்புவதற்கு இந்தக் காரணங்களே போதும்.

சுவரின் ஈரக்கசிவை இது போக்கிவிடும் என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குளிர்ந்த சுவரில்தான் காற்றின் ஈரம் பனித்துப் படிகிறது. அங்கேதான் பூஞ்சை பிடிக்கிறது. கதிர் சுவரைச் சூடாக்கினால் பனிப்பது குறையும். ஆனால் கதிர் படாத அலமாரியின் பின்பக்கம் அப்படியே குளிர்ந்திருக்கும். கூரை ஒழுகுவதையோ அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரத்தையோ எந்த ஹீட்டரும் தீர்க்காது. தினமும் சிறிது நேரம் ஜன்னலைத் திறந்து ஈரக் காற்றை வெளியேற்றத்தான் வேண்டும்.

உடல் நச்சு நீங்கும், இரத்தம் சுத்தமாகும் என்றெல்லாம் சொல்லி விற்பவர்களிடம் வாங்காதீர்கள். குளிருக்கு இதம் தருவதே இதன் வேலை. அந்த வேலையை இது நன்றாகவே செய்கிறது.

முதல் படி: இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டில் குளிர்காலத்தில் யார், எங்கே, எந்த நேரத்தில் உட்காருகிறார்கள் என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். படிப்பு மேசை மாலை ஆறு முதல் ஒன்பது, கட்டிலோரம் இரவு அரை மணி, குளியலறை காலை இருபது நிமிடம் என்ற மாதிரி. மூன்று நாள் முடிவில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று இடங்களே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அந்த இடங்களுக்குத்தான் ஹீட்டர். அறையின் பெயரை எழுதாதீர்கள். நாற்காலியின் இடத்தை எழுதுங்கள்.

இரண்டாம் படி: ஓட்டையை அடைத்துவிடுங்கள்

இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். ஹீட்டருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்கு ஆகும். ஒரு விரல் அகலத்தில் மெல்லிய காகிதத் துண்டை வெட்டி, காற்றடிக்கும் நாளில் ஜன்னல் சட்டத்தின் ஓரமாகவும் கதவின் அடிப்பக்கமாகவும் மெதுவாக நகர்த்துங்கள். காகிதம் துடிக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, நுரைப்பட்டையோ ரப்பர் பட்டையோ ஒட்டுங்கள். கதவடியில் தூரிகைப் பட்டை வையுங்கள். கேஸ் அடுப்போ விறகடுப்போ எரியும் அறையில் காற்று வருவதற்கென்று விட்ட துளைகளை மட்டும் தொடக்கூடாது.

கதிர்ச்சூடு என்றால் காற்றோட்டம் இருந்தாலும் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். முதுகில் குளிர்காற்று வீசினால் எந்தக் கதிரும் ஈடு கொடுக்காது.

மூன்றாம் படி: வாட் கணக்கு

ஒரு நாற்காலிக்கு மட்டும் சூடு வேண்டுமென்றால் கணக்கு எளிது. ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் ஒருவருக்கு 300 முதல் 500 வாட் தகட்டில் தொடங்கலாம். மேசைக்கு அடியில் காலுக்கென்று வைக்கும் சிறு தகடுகள் 200 வாட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

அறை முழுவதையும் இதைக் கொண்டே சூடாக்க வேண்டுமென்றால், அறை வெப்பத்தை எந்த வேகத்தில் இழக்கிறது என்று பார்க்க வேண்டும். பொத்தாம்பொதுவாக, நல்ல வெப்பக்காப்புள்ள அறைக்குச் சதுர மீட்டருக்கு 40 முதல் 50 வாட், நடுத்தர அறைக்கு 60 முதல் 80, காப்பில்லாத பழைய அறைக்கு 100 என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் ஒருமுறை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே வெப்பம் கசிகிறது என்பது கண்முன் வந்து நிற்கும்.

12 சதுர மீட்டர் அறை, உயரம் 2.5 மீட்டர். ஒரு பக்கச் சுவர் மட்டும் வெளியே பார்க்கிறது; மற்றப் பக்கங்களில் சூடான அறைகள் இருக்கின்றன. வெளியே உள்ளதைவிட உள்ளே 15 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்று கொள்வோம். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 5.7 வாட் இழக்கிறது. 2 சதுர மீட்டர் ஜன்னல் என்றால் 171 வாட். காப்பில்லாத செங்கல் சுவருக்கு அதே கணக்கில் 2 வாட் என்று வைத்தால், 8 சதுர மீட்டருக்கு 240 வாட். அறையின் 30 கன மீட்டர் காற்று மணிக்கு ஒருமுறை மாறுகிறது என்றால் அதற்கு ஏறத்தாழ 150 வாட். ஆக மொத்தம் 560 வாட். குளிர்ந்து கிடக்கும் அறை சீக்கிரம் சூடேறக் கொஞ்சம் மிச்சம் வேண்டும் என்பதால் 700 வாட் வாங்கலாம்.

இப்போது அதே ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் 171 என்பது சுமார் 85 ஆகிவிடும். இரண்டாம் படியில் ஒட்டிய பட்டைகளால் காற்று மாறுவது பாதியானால் 150 என்பது 75 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து 160 வாட் மிச்சம். அந்த மிச்சம் ஒவ்வொரு குளிர்காலமும் தொடரும்.

நான்காம் படி: எந்த வகை

கடைகளில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் ஒரே பெயரில் விற்கின்றன. ஒன்று, செக்கச்செவேல் என்று ஒளிரும் குவார்ட்ஸ், ஹாலஜன், கார்பன் குழாய் ஹீட்டர்கள். இவற்றின் இழை மிக அதிகச் சூட்டில் இருப்பதால் கதிரின் அலைநீளம் குறுகியதாகவும் கதிர் கடுமையாகவும் இருக்கும். சில நொடிகளில் சூடு வரும். திறந்த வராந்தாவிலும் பட்டறையிலும்கூட வேலை செய்யும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சுடும், மறுபக்கம் குளிரும். வெளிச்சம் கண்ணை உறுத்தும். படுக்கையறைக்கு இவற்றை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

மற்றொன்று, ஒளிராத தட்டையான தகடுகள். முகப்பு 80 முதல் 100 டிகிரி சூட்டில் இருக்கும். முழுச் சூட்டுக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும்; ஆனால் அகன்ற பரப்பிலிருந்து மென்மையாகக் கதிர் வருகிறது. 60க்கு 60 சென்டிமீட்டர் தகடு பொதுவாக 350 வாட்டை ஒட்டியும், 60க்கு 120 தகடு 700 வாட்டை ஒட்டியும் இருக்கும். வீட்டுக்குள் தினசரிப் பழக்கத்துக்கு இவைதான் பொருத்தம்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: வெப்பத்தில் எத்தனை சதவீதம் கதிராக வெளிவருகிறது? தகட்டைத் தொட்டுப் போகும் காற்றும் ஒரு பங்கு சூட்டை வாங்கிக்கொள்கிறது. பின்பக்கக் காப்பு மோசமாக இருந்தால் சுவருக்குள்ளும் ஒரு பங்கு போய்விடும். பின்பக்கத்தைக் கையால் தட்டிப் பார்த்து, காப்பு அடுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். முகக்கண்ணாடியாகவே செய்த தகடுகளைப் பார்த்து, "கண்ணாடி கதிரைத் திருப்பி அனுப்பிவிடாதா?" என்று தயங்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது திருப்பினாலும், சூடான கண்ணாடியின் மேற்பரப்பு அகச்சிவப்பை நன்றாகவே வெளியிடுகிறது. குளியலறையில் இவை நீராவி படியாமல் தெளிவாக இருக்கும் என்பது கூடுதல் வசதி.

ஐந்தாம் படி: எங்கே மாட்டுவது

மாட்டும் இடம் தவறிவிட்டால் முதல் நான்கு படிகளின் உழைப்பும் வீணாகிவிடும். நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். என் முதல் தகட்டை எழுது மேசைக்குப் பின்னால், நாற்காலிக்கு முதுகுப்பக்கச் சுவரில் மாட்டினேன். நாற்காலியின் உயரமான முதுகு கதிர் முழுவதையும் வாங்கிக்கொண்டது. நாற்காலி சூடாக இருந்தது. என் முட்டிகள் குளிரில் விறைத்தன. மேசைக்குப் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் தள்ளி மாற்றிய அன்றே கால் முதல் தோள் வரை சூடு படர்ந்தது. தகடும் அதே தகடு, வாட்டும் அதே வாட்.

ஆகவே துளையிடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தகட்டின் அளவுக்கு வெட்டிய அட்டையைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். உங்கள் முட்டியிலிருந்தும் மார்பிலிருந்தும் அந்த அட்டை முழுவதாகத் தெரிய வேண்டும். மேசைப் பலகை மறைத்தால் கதிரும் மறைக்கப்படும். ஒரு கண்ணாடித் தடுப்பு நடுவில் இருந்தால், உங்கள் கண்ணுக்கு அட்டை தெரிந்தாலும் தகட்டின் நீண்ட அலைக் கதிர் வராது. சாதாரணக் கண்ணாடி அதை உறிஞ்சிக்கொள்ளும்.

கூரையா, சுவரா? கூரையில் மாட்டினால் சாமான்கள் மறைக்காது, குழந்தைகளின் கைக்கும் எட்டாது. இன்னொரு நன்மையும் உண்டு: கீழ்நோக்கிய தகட்டின் அடியில் சூடான காற்று அசையாமல் தங்கிவிடுவதால் காற்றுக்குப் போகும் பங்கு குறைந்து, கதிராக வரும் பங்கு கூடுகிறது. ஆனால் மனித உடம்பு, உச்சந்தலையில் படும் சூட்டைப் பக்கவாட்டுச் சூட்டைவிடக் குறைவாகவே பொறுத்துக்கொள்கிறது. கூரை தாழ்வாக இருந்து, நீங்கள் நேர் கீழே மணிக்கணக்கில் உட்காருபவராக இருந்தால் தலை பாரமாகத் தோன்றும். அப்படிப்பட்ட இடத்தில் சுவரைத் தேர்ந்தெடுங்கள். அல்லது கூரைத் தகட்டை நாற்காலிக்கு நேர் மேலே வைக்காமல் சற்று முன்னால் தள்ளி மாட்டுங்கள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் கண்ணாடி அந்தக் கதிரை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். வெளிப்பக்கச் சுவரைவிட உட்பக்கச் சுவர் நல்லது. தகட்டுக்கு முன்னால் குறைந்தது ஒரு மீட்டருக்குள் சாமான், திரைச்சீலை, படுக்கை எதுவும் இருக்கக் கூடாது. தயாரிப்பாளர் அதிகம் கேட்டிருந்தால் அதன்படி விடுங்கள். கண்ணாடி முகத் தகடுகள் கனமானவை. பொய்க்கூரை அட்டையில் திருகாமல், அதற்கு மேலுள்ள சட்டத்திலோ கான்கிரீட்டிலோ பிடிக்கச் செய்யுங்கள்.

ஆறாம் படி: மின் இணைப்பு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட் இணைப்பில் 700 வாட் தகடு 3 ஆம்பியர் எடுக்கும். 120 வோல்ட்டில் அதுவே ஏறக்குறைய 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹாலஜன் ஹீட்டர் 9 ஆம்பியரை நெருங்கும். ஹீட்டர் மணிக்கணக்கில் விடாமல் மின்சாரம் இழுப்பது என்பதால் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். முதல் நாள் அரை மணி ஓடியபின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சூடாக இருந்தால் பிளக் துளை தளர்ந்திருக்கலாம், எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

குளியலறைக்கு நீர்த்தெறிப்பைத் தாங்கும் தகடு மட்டுமே. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேற்பட்ட குறியீடு இருக்க வேண்டும். குளியல் தொட்டி, ஷவர் எல்லையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு அப்பால் மாட்டுவது பாதுகாப்பு. சுவிட்சு ஈரக்கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி அந்த இணைப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நிரந்தர இணைப்பு வேலை எதையும் உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஏழாம் படி: தெர்மோஸ்டாட்

அறைச் சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கும் கருவிதான் தெர்மோஸ்டாட். அது இல்லாத தகடு விடிய விடிய எரியும். சேமிப்பு என்று ஒன்று மிஞ்சாது. வாரத்தின் நாள்களுக்கும் நேரத்துக்கும் ஏற்ப அமைக்கக்கூடிய ஒன்றை வாங்குங்கள். தகட்டின் கதிர் நேராகப் படும் இடத்தில் வைத்தால் அது சீக்கிரமே ஏமாந்து அணைந்துவிடும். ஜன்னல் பக்கத்துக் குளிர்ச்சுவரில் வைத்தால் அணையவே அணையாது. நீங்கள் உட்காரும் உயரத்தில், உட்சுவரில், கதிர் நேராக விழாத இடம் சரி. கதவையோ ஜன்னலையோ திறந்தால் தானே உணர்ந்து நிறுத்தும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

சிலரை மனதில் வைத்துச் சொல்ல வேண்டியவை

அகச்சிவப்புக் கதிர் புற ஊதாக் கதிர் போன்றது இல்லை, தோலைக் கருக்காது. வீட்டுத் தகடுகளின் கதிரால் தீங்கு வராது. ஆனால் ஒளிரும் ஹீட்டர்களை மிக அருகில் வைத்துக்கொண்டு நாள்தோறும் மணிக்கணக்கில் காய்பவர்களுக்கு, காலில் வலைப்பின்னல் போலச் செம்பழுப்புத் தழும்பு வருவதுண்டு. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவது தெரியாமலே கொப்புளம் வரலாம். அவர்களுக்கும், தானாக நகர முடியாத முதியவர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் தகடு வகை மட்டும். அதுவும் எட்டாத தூரத்தில். ஒளிரும் ஹீட்டரின் இழையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குக் கெடுதல்.

90 டிகிரி சூடான தகட்டைத் தொட்டால் சுடும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கூரையே சரியான இடம். ஈரத்துணியைத் தகட்டின் மேல் உலர்த்துவதை எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் ஒருநாள் செய்துவிடுகிறார். வீட்டாருக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். துணி மூடினால் அதன் அடியில் சூடு அடைபட்டுத் தகடும் பழுதாகும், துணியும் கருகும். துணி காய வைப்பதற்கென்றே கம்பி வைத்துத் தயாரித்தவை வேறு. அவற்றில் மட்டும் போடலாம்.

பராமரிப்பு அதிகம் இல்லை. மாதம் ஒருமுறை, தகடு முழுவதும் ஆறியபின், உலர்ந்த மெல்லிய துணியால் தூசி துடைத்தால் போதும். ஹாலஜன் குழாய் மாற்றும்போது வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் அதிகச் சூடாகிக் குழாய் சீக்கிரம் உடையும்.

முதல் வாரம்

மாட்டிய அன்றே தெர்மோஸ்டாட்டை 22இல் வைத்துப் பார்த்து "பரவாயில்லை" என்று விட்டுவிடாதீர்கள். பழைய ஹீட்டருக்குப் பழகிய எண் அது. முதல் இரண்டு நாள் 20இல் வையுங்கள். சுவரும் மேசையும் தரையும் சூட்டை வாங்கிக்கொள்ள அந்த இரண்டு நாள் தேவை. முதல் நாள் சூடு போதவில்லை என்று தோன்றினால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் அரை டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். கை விரல் நுனி குளிர ஆரம்பிக்கும் நாளில் நிறுத்தி, அரை டிகிரி கூட்டுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் மின் மீட்டர் எண்ணையும், வெளியே எத்தனை டிகிரி என்பதையும் பக்கத்தில் எழுதிவாருங்கள். வெளிக்குளிர் ஒரே மாதிரி இருந்த இரண்டு நாள்களை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நியாயமான கணக்கு கிடைக்கும். ஒரு வாரத்தில் உங்கள் இடத்துக்கு உரிய எண் கிடைத்துவிடும். பலருக்கு அது 18 அல்லது 19. அந்த எண்ணைச் சிறு தாளில் எழுதித் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், வீட்டில் வேறு யாரும் கூட்டிவைக்காமல் இருப்பதற்கு.